பொருந்தாத ரேம்

தம்பிக்குப் பார்வை போய் இரண்டு வருடமாகிறது. நரம்பில் வந்த நோய், வந்த வேகத்தில் இரண்டு கண்ணையும் வாங்கிக்கொண்டு போய்விட்டது. அதன் பிறகு அக்கா அவனைத் தன் வீட்டுக்கே கூட்டி வந்துவிட்டாள். அவள் நகரப் பேருந்து ஓட்டுபவள். எத்தனை நெரிசலிலும் அலட்டிக்கொள்ளாமல் வண்டியை நகர்த்துகிறவள், வீட்டுக்குள் தம்பி நாலு எட்டு வைத்தால் "பாத்துடா, நாற்காலி!" என்று பதறுவாள். அடுப்புப் பக்கம் அவனை அண்டவே விடமாட்டாள்.

தம்பி வீட்டிலிருந்தே தட்டச்சு வேலை செய்தான். கூட்டங்களில் பதிவான பேச்சைக் கேட்டு எழுத்தாக்கித் தர வேண்டும். அவன் அடிப்பதைக் கணினியே ஒரு பெண்குரலில் வாசித்துச் சொல்லும். அந்தக் குரலுக்கு அக்காவும் தம்பியும் வைத்த பெயர் டீச்சர். கணினி பழசு. கொஞ்ச நாளாக டீச்சர் திக்க ஆரம்பித்திருந்தார். அவன் ஒரு வரி அடித்து முடித்த பிறகுதான் முதல் சொல்லே வரும்.

"மெமரி, அதான் ரேம், பத்தலக்கா. இன்னொண்ணு போட்டா சரியாயிடும்" என்று ஒருநாள் சாப்பிடும்போது சொன்னான். மறுநாள் வேலை முடிந்து வரும் வழியில், அக்காவே ஒரு கடையில் ஏறி வாங்கி வந்துவிட்டாள்.

விடுமுறை நாள் காலையில் ஸ்க்ரூடிரைவரோடு வந்து நின்றாள்.

"நீ உக்காரு. நான் மாட்டிடறேன்."

"முதல்ல பிளக்கப் பிடுங்கு. பெட்டியோட இரும்ப ஒருதரம் தொட்டுக்கோ, உடம்புல தேங்கின கரண்ட் இறங்கிடும்."

அவள் பக்கவாட்டு மூடியைக் கழற்றினாள். தூசி கிளம்பியது. தும்மிக்கொண்டே பழைய ரேமுக்குப் பக்கத்தில் காலியாக இருந்த ஸ்லாட்டில் புதியதை வைத்தாள். இறங்கவில்லை. திருப்பி வைத்தாள். அப்போதும் இறங்கவில்லை.

"அவ்ளோ பெரிய பஸ்ஸ ரிவர்ஸ்ல சந்துக்குள்ள விடுறேன். இந்த இத்துனூண்டு துண்டு அடம் பிடிக்குது பாரேன்."

"அழுத்தாதக்கா! என் கையில குடு."

"ஓரமெல்லாம் கூரா இருக்குடா. கிழிச்சிடும்."

"கிழிச்சா கிழிக்கட்டும். குடு."

அவன் குரல் அப்படி உயர்ந்து அவள் கேட்டதில்லை. அதை அவன் கையில் வைத்தாள். பழையதையும் கழற்றித் தரச் சொன்னான். இரண்டையும் சேர்த்துப் பிடித்து, அடி விளிம்பில் கட்டை விரலை மெதுவாக ஓட்டினான். பிறகு சிரித்துவிட்டான்.

"உன் விரலக் கொண்டா. கீழ ஒரு வெட்டு தெரியுதா? இதுல ஒரு இடத்துல இருக்கு. அதுல கொஞ்சம் தள்ளி."

அக்கா தன்னையறியாமல் கண்ணை மூடிக்கொண்டு தடவினாள். "ஆமாண்டா!"

"நீ வாங்கினது டிடிஆர் ஃபோர், புது வகை. நம்ம போர்டு பழசு, டிடிஆர் த்ரீதான் ஏறும். மாத்தி மாட்டிடக் கூடாதுன்னுதான் வெட்டையே இடம் மாத்தி வெச்சிருக்கான்."

"உன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்" என்றாள் சுரத்தில்லாமல்.

"கேட்டிருக்கலாம்தான்." புதியதை அவள் கையில் திருப்பி வைத்தான். "விருந்தாளியாவே இருந்து அலுத்துப் போச்சுக்கா."

அவள் அவன் தலைமுடியைக் கலைத்துவிட்டாள். "எழுந்திரு. கடைக்குப் போலாம்."

கடைக்காரர் தம்பியைப் பார்த்தார், பிறகு அக்காவிடம், "அவருக்கு என்ன வேணும்?" என்றார். பதில் சொல்ல வாயெடுத்த அக்கா நிறுத்திக்கொண்டாள்.

"அவனையே கேளுங்க."

தம்பி சட்டைப் பையிலிருந்து பழைய ரேமை எடுத்து நீட்டினான். "லேப்டாப்புக்கு இல்லீங்க, டெஸ்க்டாப்புக்கு. இதே டிடிஆர் த்ரீ, இதே வேகம். எட்டு ஜிபி வேணும். ஒரு ஸ்லாட்டுக்கு எட்டு வரைக்கும் எங்க போர்டு தாங்கும், நான் பாத்து வாங்கினதுதான்."

"இதுல புதுசு என்கிட்ட இல்லீங்க. வேற மெஷின்ல கழட்டினது இருக்கு, ஓட்டிப் பாத்துதான் வெச்சிருக்கேன்" என்று அவர் ஒன்றைக் கொண்டுவந்து அவன் உள்ளங்கையில் வைத்தார். அவன் பழையதோடு சேர்த்துப் பிடித்தான். வெட்டோடு வெட்டு ஒட்டி நின்றது.

வீட்டில் தம்பியே இரண்டையும் மாட்டினான். அக்கா கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள். இல்லாவிட்டால் அது தானாக நீளும். சுவிட்சைப் போட்டதும் கணினி நீளமாக, விட்டு விட்டுக் கத்தியது.

"போச்சா?"

"ஒண்ணும் போகல. சரியா உக்காரல, அவ்ளோதான்."

அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, புதியதன் இரு முனையிலும் அழுத்தினான். டக். இன்னொரு டக். மறுபடி போட்டபோது கத்தல் இல்லை. விசிறி சுழன்றது. கொஞ்ச நேரத்தில் டீச்சர் தங்குதடையில்லாமல் பேசினார்.

தம்பி குரலின் வேகத்தைக் கூட்டினான். இன்னும் கூட்டினான். கடைசியில் அக்காவின் காதுக்கு அது ஏதோ பட்டாணி கொட்டுகிற மாதிரி இருந்தது.

"இது புரியுதாடா உனக்கு?"

"ஒரு சொல் விடாம. உனக்காகக் குறைக்கட்டுமா?"

"வேணாம். உன் வேகத்துலயே ஓடட்டும்."

அவன் பாதியில் நின்றிருந்த வேலையை எடுத்தான். அக்கா பக்கத்திலேயே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். ஒன்றும் விளங்காமல், அதுவே தாலாட்டாகி, சாய்ந்தபடி தூங்கிப்போனாள். அவள் மூச்சு சீராவதைக் கேட்ட தம்பி, சத்தமில்லாமல் கையை நீட்டித் துழாவி ஹெட்ஃபோனை எடுத்து மாட்டிக்கொண்டான்.