மோர்வென் பேசாத பத்து நிமிடம்

கிரீனக் என்ற துறைமுக ஊரில் முதியவர்களின் வீடுகளுக்குப் பராமரிப்பாளர்களை அனுப்பும் மோர்வெனுக்கு ஒரே ஒரு வியாதி. எதிரே இருப்பவர் பாதி சொல்வதற்குள் மீதியைத் தானே சொல்லி, தீர்வையும் கையில் திணித்துவிடுவாள். ஆறு வாரத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு ஊழியரையும் உட்காரவைத்து மனம்விட்டுப் பேசவைப்பது அவள் வேலை. பேசுவதென்னவோ எப்போதும் அவள்தான்.

அன்று எதிரே ஹலினா. போலந்துக்காரி, ஆங்கிலத்தை ஒவ்வொரு சொல்லாகப் பொறுக்கிப் பேசுபவள். பெட்ரி என்ற கிழவர் வீட்டுக்கு இனிப் போகமாட்டேன் என்று எழுதிக் கொடுத்திருந்தாள். குளிக்கவைக்கப் போன மூன்று பேரை அவர் ஏற்கெனவே விரட்டியிருந்தார். இவளும் கைவிட்டால் கிழவரை அவர் வீட்டிலிருந்து கிளப்பி முதியோர் இல்லத்தில்தான் சேர்க்கவேண்டும்.

"நான் அவர் சட்டையக் கழட்டப் போனா..." என்று ஹலினா ஆரம்பித்தாள்.

"தண்ணி சூடு பத்தியிருக்காது கண்ணு" என்ற மோர்வென் சட்டென்று தன்னையே நொந்துகொண்டாள். இன்றைக்காவது வாயை மூடவேண்டும் என்று மேசையிலிருந்த கெட்டி டாஃபி ஒன்றை எடுத்து உள்ளே போட்டாள். அது மேல்பல்லையும் கீழ்ப்பல்லையும் சேர்த்துப் பூட்டிவிட்டது.

ஹலினா காத்திருந்தாள். வழக்கமாக இந்நேரம் மூன்று யோசனை வந்திருக்கும். ஒன்றுகூட வராததில் அவளுக்குக் கொஞ்சம் பயமே வந்துவிட்டது.

"உடம்புக்கு ஒண்ணுமில்லயே?"

மேலே சொல் என்று மோர்வென் கையைக் காட்டினாள்.

"அவருக்கு வர்றது கோவம் இல்ல, வெக்கம்" என்றாள் ஹலினா மெதுவாக. "கப்பல் பட்டறையில நாப்பது வருஷம் இருந்தவரு. வேலை முடிஞ்சதும் எல்லாரும் வரிசையா நின்னு அவங்கவங்களே கழுவிக்குவாங்களாம். எங்கப்பாவும் சுரங்கத்துல அப்படித்தான். யாரும் யாரையும் பாக்க மாட்டாங்க."

அப்படியானால் முதுகைத் திருப்பிக்கொண்டு நில் என்று சொல்ல மோர்வெனுக்கு நாக்கு துடித்தது. டாஃபி விடவில்லை.

"ரெண்டு பேசின் தண்ணி வைக்கிறேன்" என்றாள் ஹலினா. "ஒண்ணுல அவரு. பக்கத்துலயே இன்னொண்ணுல நான் என் கை, முகத்தக் கழுவிக்கிறேன். முதுகு எட்டலன்னா அவரே கேப்பாரு. ஒரு வாரம் பாக்கறேன், அவர வேற யாருக்கும் குடுத்துடாதீங்க."

மோர்வெனுக்குத் தோன்றியதைவிட இது எவ்வளவோ மேல். பாடுபட்டு டாஃபியை விழுங்கினாள்.

"இத ஏன் முன்னாடியே சொல்லல?"

"மூணு தடவ ஆரம்பிச்சேன் மோர்வென். முடிக்க விட்டாத்தானே. அதான் போகமாட்டேன்னு எழுதிக் குடுத்தேன்."

மோர்வெனுக்கு வெட்கமும் சிரிப்பும் சேர்ந்தே வந்தன. "இன்னும் என்னல்லாம் பாதியில நிக்குது?" என்று கேட்டாள்.

ஹலினா நாற்காலியை மேசைப் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டாள். "நிறைய இருக்கு" என்றாள்.