சத்தம் போட்டுக் காட்டாதவர்கள்

காதுக்காரர் பட்டறையில் ஒரு சட்டம் உண்டு. காரில் என்ன சத்தம் வருகிறதோ, அதை வண்டிக்காரர் வாயால் போட்டுக் காட்ட வேண்டும். எப்பேர்ப்பட்ட ஆளாக இருந்தாலும் தப்ப முடியாது. கோட்டுப் போட்ட வக்கீல் ஒருவர் பட்டறை நடுவில் நின்று "கடகடகட" என்று தாடையை ஆட்டியிருக்கிறார். கல்லூரி முதல்வர் அம்மா ஒருவர், யாராவது பார்க்கிறார்களா என்று இரண்டு பக்கமும் திரும்பிப் பார்த்துவிட்டு, "ஊய்ங்ங்" என்று இழுத்திருக்கிறார். காதுக்காரர் சிரிக்கவே மாட்டார். கண்ணை மூடிக் கேட்பார். ஸ்டியரிங்கை முழுசாகத் திருப்பும்போது மட்டும்தானே என்பார். ஆமாம் என்பார்கள். ஸ்டியரிங் ஆயில் குறைந்திருக்கிறது என்பார். குறைந்துதான் இருக்கும்.

அதன் பிறகு வண்டியை எடுத்துக்கொண்டு தெருவை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வருவார். சத்தம் தன் காதில் விழாமல் ஒரு நட்டைக்கூடத் தொடமாட்டார். ஒன்றுமில்லாத வண்டியைப் பிரித்துப் போட்டுவிட்டு நாலு கோளாறு சொல்கிற பட்டறைகள் ஊரில் நிறைய இருக்கின்றன. அவர்களைப் பற்றிப் பேச்சு வந்தால் மனிதருக்கு மூக்கின் மேல் கோபம் வரும். இருபத்தாறு வருடம் இப்படித்தான் ஓடியது. அவருடைய சொந்தப் பெயர் அவர் மனைவிக்கே சட்டென்று ஞாபகம் வராத அளவுக்குக் காதுக்காரர் என்ற பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது.

மனைவிக்கு வாசல் மேசையில் போன் எடுக்கிற வேலை. எல்லோருக்கும் அவள் அக்கா. ஒரே கேள்விகள்தான், ஆள்தான் வேறு வேறு. காலையில் ஸ்டார்ட் செய்தால் டிக் டிக் என்கிறதே என்பார்கள். இரண்டு நிமிடத்தில் நின்றுவிடுகிறதா என்று கேட்பாள். நின்றால், ஆயில் மேலே ஏற நேரம் எடுக்கிறது, அளவு பாருங்கள். ஆயில் எப்போது மாற்றுவது? வண்டியோடு வந்த புத்தகத்தில் போட்டிருக்கிற கிலோமீட்டருக்கு. ஓட்டாமல் அழகு பார்த்தாலும் வருடத்துக்கு ஒரு தடவை. பிரேக் பிடித்தால் கீச் என்கிறதா? காலையில் முதல் இரண்டு மூன்று தடவை மட்டும் என்றால் ராத்திரி ஈரத்தில் பிடித்த துரு, தானாகப் போய்விடும். நாள் முழுக்க என்றால் உடனே கொண்டு வாருங்கள்.

இத்தனை பேருக்குப் பொறுமையாகப் பதில் சொல்கிறவளுக்கு வீட்டில் மட்டும் பொறுமை கிடையாது. காரணம் குக்கர். மூன்று விசில் வந்தால் அணையுங்கள் என்று படித்துப் படித்துச் சொல்லிவிட்டுக் குளிக்கப் போவாள். திரும்பி வந்தால் எட்டாவது விசில் போய்க்கொண்டிருக்கும். மனிதர் அடுப்புக்குப் பக்கத்திலேயே பேப்பரை விரித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அடிபிடித்த பாத்திரத்தைத் தேய்த்தபடி அவள் பாடுகிற பாட்டு ஆறு மாதமாக நடக்கிறது. அசமந்தம், ஊருக்குத்தான் காது, வீட்டுக்கு இல்லை என்பாள். அவர் வாயே திறக்கமாட்டார்.

அன்றைக்குத் தையல்காரம்மா வந்தாள். அடுத்த தெருவில் கடை வைத்திருப்பவள். தினமும் தன் கூடப்பிறந்த அக்காவின் பிள்ளைகள் இரண்டு பேரைக் காரில் பள்ளிக்கூடத்துக்கு அழைத்துப்போகிறவள். பிரேக்கில் சத்தம் என்றாள். போட்டுக் காட்டச் சொன்னால் முகம் சிவந்து, துப்பட்டாவை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள். எனக்கு வராதுக்கா, அண்ணனே ஓட்டிப் பார்க்கட்டும் என்றுவிட்டாள். சரி, போகட்டும் என்று காதுக்காரர் சாவியை வாங்கிக்கொண்டு அவளையும் ஏற்றிக்கொண்டு கிளம்பினார்.

பத்து நிமிடத்தில் வண்டி திரும்பியது. வாசலில் பிரேக் பிடித்தபோது "கீஈச்ச்" என்று ஊசி மாதிரி ஒரு சத்தம். மேசையில் இருந்த அக்காவுக்குப் பல் கூசியது. காதுக்காரர் நிதானமாக இறங்கிச் சாவியை நீட்டினார்.

"ஒண்ணுமில்லம்மா. தூசியாத்தான் இருக்கும். எடுத்துட்டுப் போங்க."

விளையாடுகிறாரோ என்று அக்கா நிமிர்ந்து பார்த்தாள். வேலையில் விளையாடுகிற ஆள் இல்லை. முகத்தைப் பார்த்தாள். அடுப்புப் பக்கத்தில் பேப்பரோடு உட்கார்ந்திருப்பாரே, அதே முகம், அதே அமைதி.

வாடிக்கையாளர் முன்னால் அவர் சொன்னதை மறுத்து அவள் ஒரு வார்த்தை பேசியது கிடையாது. இப்போது பேசினால் இருபத்தாறு வருடப் பெயர் போகும். பேசாவிட்டால் நாளைக் காலையில் இரண்டு பிள்ளைகள் அந்தக் காரில் ஏறும். தையல்காரம்மா அதற்குள் கதவைச் சாத்திவிட்டாள். அக்கா எழுந்து போய் ஜன்னலில் கையை வைத்தாள்.

"இறங்கும்மா. சக்கரத்தைக் கழட்டிப் பாத்துட்டுப் போலாம்."

"எதுக்கு?" என்றார் காதுக்காரர்.

"எனக்குக் கேட்டுதுங்க."

அவர் அவளைப் பார்த்தார். பிறகு தையல்காரம்மாவைப் பார்த்தார். அவள் தயங்கித் தயங்கி, வழியெல்லாம் கேட்டது, அண்ணன் ஒன்றுமில்லை என்றதால் சும்மா இருந்தேன் என்றாள்.

காதுக்காரர் ஜாக்கியைத் தள்ளிக்கொண்டு வந்தார். சக்கரத்தைக் கழற்றினார். பிரேக் பேடு தேய்ந்து நகக்கனம் இருந்தது. பேடு முடியப்போகிறது என்று எச்சரிப்பதற்காகவே வைத்திருக்கிற சின்னத் தகடு, சக்கரத்தோடு சுற்றும் பிரேக் வட்டை உரசி உரசிப் பளபளத்தது. அந்தத் தகடு காது கிழியக் கத்தியிருக்கிறது. அவர் அதைக் கேட்காமலே ஓட்டியிருக்கிறார். இரண்டு பக்கமும் புதுப் பேடு போட்டு, தையல்காரம்மாவை அனுப்பிவிட்டு, ஒரு பழைய டயர்மேல் உட்கார்ந்தார்.

"அந்தச் சத்தத்தைப் போட்டுக் காட்டு" என்றார்.

அக்கா போட்டுக் காட்டினாள்.

"இது கேக்குதே" என்றார். குழந்தை மாதிரி இருந்தது அவர் குரல்.

அப்போதுதான் இருவருக்கும் விளங்கியது. மனிதத் தொண்டை எவ்வளவு கத்தினாலும் அந்தத் தகடும் குக்கர் விசிலும் போடுகிற கூர்மையான உச்சச் சத்தத்தை எட்டாது. அந்த உச்சம்தான் அவர் காதில் விழுவதில்லை. வண்டிக்காரர்கள் போட்டது கேட்டது, அதனால் கோளாறு தெரிந்தது. ஓட்டிப் பார்க்கும்போது கேட்காததைக்கூடக் கேட்டதாக அவரே நம்பியிருக்கிறார். அவர் வைத்த சட்டமே அவர் காதை அவரிடமிருந்து மறைத்துவிட்டது.

"அப்ப, போட்டுக் காட்டாதவங்க?" என்றார். எத்தனை வண்டியை ஒன்றுமில்லை என்று அனுப்பியிருக்கிறோம் என்ற பயம் அது. அதைவிடப் பெரிய பயம் அவருக்கு வாழ்க்கையில் வந்ததில்லை.

நல்லவேளை, அப்படிப்பட்டவர்கள் அபூர்வம். வெட்கப்படுகிறவர்களைக் கிண்டல் செய்வதே அக்காவின் பொழுதுபோக்கு என்பதால், ஒருவரும் அவளுக்கு மறக்கவில்லை. குக்கர் தொல்லை தொடங்கியதிலிருந்து எண்ணினாள். பின்சீட்டில் மாமனாரை வைத்துக்கொண்டு வந்த புது மாப்பிள்ளை. தொண்டையில் ஆபரேஷன் செய்திருந்த நூலகர். கத்துவது என் வேலை இல்லை என்று முறைத்த கடிகாரக்காரர். மூன்றே பேர். இலவசமாகப் பிரேக் பார்க்கிறோம், வாங்க என்று நான் போன் செய்கிறேன், உங்கள் காதைப் பற்றிப் பேச்சே வராது என்றாள். அவருக்காக எவ்வளவு பொய் வேண்டுமானாலும் சொல்ல அந்த நிமிடம் அவள் தயாராக இருந்தாள்.

காதுக்காரர் போனைத் தானே வாங்கிக்கொண்டார்.

"காதுக்காரர் பேசறேன். உங்க வண்டில கோளாறு இருக்கானு தெரியல. என் காதுல இருக்கு. நான் வர்ற வரைக்கும் வண்டிய எடுக்காதீங்க."

மூன்று பேரிடமும் இதையேதான் சொன்னார். புது மாப்பிள்ளை தமாஷ் என்று நினைத்துச் சிரிக்க, அவனிடம் மட்டும் மூன்று தடவை சொல்ல வேண்டியிருந்தது. மூன்றாவது தடவை சொல்லும்போது அக்காவால் அங்கே நிற்க முடியவில்லை. உள்ளே போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டு பட்டறையைப் பூட்டச் சாவியோடு வந்தாள்.

மாப்பிள்ளை வண்டி நன்றாக இருந்தது. நூலகர் வண்டியும் அப்படியே. கடிகாரக்காரர் காரில் காதுக்காரர் ஓட்ட, முதல் தடவையாக அக்கா பக்கத்து சீட்டில் உட்கார்ந்தாள். பின்னால் கடிகாரக்காரர் கையைக் கட்டிக்கொண்டு உம்மென்று இருந்தார். தெருமுனையில் பிரேக் பிடித்ததும் அவள் தலையாட்டினாள்.

"எப்படி?" என்றார் காதுக்காரர்.

அவருக்கு எட்டட்டும் என்று அக்கா அடித்தொண்டையில் "கீர்ர்ச்ச்" என்றாள். பஸ் நிறுத்தத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"அப்படி இல்லம்மா" என்றார் பின்னால் இருந்தவர். தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "கீஈஈர்ர்ச்ச். கடைசில கொஞ்சம் இழுக்கும்."

"இழுக்குதா? பேடுதான்" என்றார் காதுக்காரர். அங்கேயே கழற்றிப் பார்த்தார்கள். இன்னும் ஒரு வாரம் தாங்கியிருக்காது. புதுப் பேடு போட்டதும், கடிகாரக்காரர் பழையதைக் கையில் வாங்கிப் புரட்டிப் பார்த்தார். தன் கண்ணும் போன வருடத்திலிருந்து சரியில்லை என்றும், சின்னத் திருகுகளை மகள்தான் எடுத்துக் கொடுக்கிறாள் என்றும், யாரும் கேட்காமலே சொன்னார்.

தங்கள் வண்டியில் திரும்பும்போது காது டாக்டரிடம் எப்போது போவது என்று பேசிக்கொண்டு வந்தார்கள். நாளையிலிருந்து ஒவ்வொரு வண்டியிலும் நீயும் ஏறிக்கொள் என்றார். ஏறுகிறேன் என்றாள். அதற்குமேல் அவளால் அடக்க முடியவில்லை.

"ஆறு மாசமா உங்கள அந்தத் திட்டு திட்டியிருக்கேனே. காதே கேக்காத மனுஷன..."

காதுக்காரர் கண்ணாடியில் பின்னால் பார்த்து, நிதானமாக வண்டியைத் திருப்பினார்.

"அது எல்லாம் நல்லா கேட்டுது" என்றார்.