மாலை விழுந்த ஏழு படங்கள்

“எடுங்க அந்த மாலைய. நான் இன்னும் சாகல.”

ரத்தினம்மா போட்ட சத்தம், கண்டி வாவிக்கரையில் பஸ்ஸுக்கு நின்றவர்களுக்கும் கேட்டிருக்கும். மண்டபத்தின் மேல்மாடிச் சுவரில் அவளே சட்டத்துக்குள் இருந்தாள். கழுத்தில் புது மல்லிகை மாலை, தலைக்கு மேல் மஞ்சள் விளக்கு, கீழே சின்ன அட்டையில் பெயரும் பிறந்த ஆண்டும். இறந்த ஆண்டு ஒன்றுதான் பாக்கி. பக்கத்துப் படத்தில் மூக்கையாவுக்கும் அதே அலங்காரம். மனுசன் சண்டைக்குப் போகவில்லை. தன் படத்தையே பார்த்து நின்றவர், மெல்லத் தொப்பியைக் கழற்றிவிட்டார்.

ஏழு படங்களையும் வரைந்தவள் கலாராணி. விடிந்தால் கண்காட்சி. அவளுக்கு அது முதலாவது. வீட்டார் சொன்னபடி பார்த்தால் கடைசியும் அதுதான். கொழும்பில் ஓவியக்கூடம் நடத்தும் அம்மையார் ஒருவர் பார்க்க வருகிறார். அவருக்குப் பிடித்தால் ஒரு வருசம் அங்கே தங்கிப் படம் கீறலாம். பிடிக்காவிட்டால் கம்பளை ஊர்க் கடைக்கார மாப்பிள்ளைக்குக் கழுத்தை நீட்டுவதாக அண்ணன் கணேஸுக்கு வாக்குக் கொடுத்திருந்தாள். இப்போதோ, படத்துக்கு உட்கார்ந்து கொடுத்த அவளுடைய மஹய்யாவத் தெரு ஆட்கள் ஏழு பேரும் எங்களைக் கழற்று என்று நிற்கிறார்கள்.

மாலை போட்ட புண்ணியவான் வேறு யாருமில்லை, கணேஸேதான். நாளைய விருந்தாளிகளுக்கு இன்றே வாங்கி வந்துவிட்டான். மேசையில் வைத்தால் நசுங்குமே என்று ஏழு சட்டத்திலும் அழகாகத் தொங்கவிட்டிருந்தான். அவ்வளவு அக்கறை. சத்தம் கிளம்பியதும், எல்லாம் அந்த மிஸ் செய்த வேலை என்று முந்திக்கொண்டதும் அவனே.

றஞ்சனா மிஸ்ஸின் உத்தியோகம் மஹய்யாவக்காரருக்கு இன்றுவரை சரியாகப் பிடிபடவில்லை. யாழ்ப்பாணத்துப் பெண். கண்டி டவுனில் மாடியறை ஒன்றை எடுத்து, கலை ஆலோசனை, ஓவியர்களுக்கு வழிகாட்டல், கண்காட்சி அமைத்தல் என்று பலகை மாட்டியிருக்கிறாள். ஆணி அடிக்கவும் ஒரு மிஸ்ஸா என்று ரத்தினம்மாவின் மகள் நிலூஷா கேட்டாள். தெருவே ஒரு வாரம் அதைச் சொல்லிச் சிரித்தது.

அந்த அறைக்குள் நடந்தது கலாராணிக்குத்தான் தெரியும். போன் ரீலோட் கடையில் வேலை பார்த்த அவள், யார் கேட்டாலும் ‘சும்மா கீறுறேன்’ என்பாள். மிஸ் அந்தச் சும்மாவை எடுக்கச் சொன்னாள். தினமும் பஸ்ஸில் பக்கத்துச் சீட்டுக்காரரிடம், நான் ஓவியர் என்று சொல்லிவிட்டு இறங்க வேண்டும். ஒருவர் தன் த்ரீவீலருக்குப் பின்னால் புலி வரைய முடியுமா என்று கேட்டார். மிஸ் சிரிக்கவில்லை, விலை சொன்னாயா என்று கேட்டாள். பிறகு படக் குவியலில் ஏழு படங்களை மட்டும் எடுத்து மற்ற எல்லாவற்றையும் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தாள். கலாராணி அன்று அழுதாள். அழுது முடித்துப் பார்த்தால், அந்த ஏழு பேரும் ஒரே லயத்து வரிசை வீடுகளில் குடியிருக்கும் ஆட்கள் போல ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

படத்தில் இருப்பவர்தான் அதை முதலில் பார்க்க வேண்டும் என்பதும் மிஸ்ஸின் சட்டம். அதனால் வந்த வினைதான் இது.

மிஸ் கணேஸைக் காட்டிக்கொடுக்கவில்லை. “பிழை என்ரதுதான், அம்மா. லைட்டையும் பேரையும் இப்பிடி வைச்சது நான்” என்று தன் கையாலேயே மாலைகளைக் கழற்றினாள்.

ரத்தினம்மா இறங்கவில்லை. “மாலைய எடுத்தா சரியாப் போச்சா மிஸ்? செவுத்துல ஏறுனவங்க யாராச்சும் எறங்கி வந்திருக்காங்களா? எங்க வீட்டுச் செவுத்துல எங்க வீட்டுக்காரருதான் இருக்காரு.”

மிஸ் தரையில் உட்கார்ந்து சுவரைப் பார்த்தாள். வேறு யாராவது என்றால் சமாதானம் பேசியிருப்பார்கள். அவள் கேட்டது வேறு.

“வீட்டில நீங்கள் எங்க இருப்பீங்கள், அம்மா?”

“கதிரையிலதான் உக்காந்திருப்பேன். வேற எங்க?”

மிஸ் கலாராணி பக்கம் திரும்பினாள். “ஏழு பேரையும் இறக்கி, அவையவையின்ர வீட்டுக் கதிரையில இருத்துவமோ? படம் உம்மட. நீர்தான் சொல்லோணும்.”

கணேஸ் சிரித்தான். கொழும்பு அம்மா பாதியில் எழுந்து போய்விடுவாள், இப்போதே கம்பளைக்கு போன் போடுகிறேன் என்றான். கலாராணி சுவரைப் பார்த்தாள், ரத்தினம்மாவைப் பார்த்தாள்.

“அண்ணே, போன வச்சுட்டு த்ரீவீலர் பிடிச்சிட்டு வா. கதிரை ஏத்தணும்.”

அன்று மாலை மஹய்யாவவிலிருந்து கதிரைகள் ஊர்வலம் போயின. ரத்தினம்மா கௌரவத்துக்குப் பிரம்புக் கதிரையை அனுப்பினாள். நீங்கள் தினமும் இருக்கிறது இதுவா என்று மிஸ் கேட்டதும் முகம் சிவந்து, கால் உடைந்து கம்பி சுற்றிய பிளாஸ்டிக் கதிரையை எடுத்து வந்தாள். படங்கள் கதிரைகளில் ஏறியதும், விளக்குகளையெல்லாம் மிஸ் ஆள் உட்காரும் உயரத்துக்குத் தாழ்த்தினாள். ஆண்டுகளை எடுத்துவிட்டுப் பெயரை மட்டும் விட்டாள்.

மறுநாள் வந்தவர்கள் நின்று பார்க்க முடியாமல் குனிந்தார்கள், குந்தினார்கள். கொழும்பு அம்மையார் வெள்ளைச் சேலையோடு தரையில் சப்பணமிட்டு, ரத்தினம்மாவின் படத்துக்கு எதிரே அசையாமல் இருந்தார். அசல் ரத்தினம்மா கதிரைக்குப் பின்னால் காவல் நின்று, நேரில் நான் இதைவிட நிறம் என்று போவோர் வருவோரிடமெல்லாம் சொன்னாள். கதிரை யோசனை யாருடையது என்று அம்மையார் கேட்டபோது கலாராணி மிஸ்ஸைக் கை காட்டினாள். மிஸ் அதைக் கேட்கக்கூட நிற்கவில்லை. மூக்கையாவின் படத்தில் ஜன்னல் வெயில் விழுகிறதென்று திரைச்சீலையை இழுக்கப் போயிருந்தாள்.

தை பிறந்ததும் கலாராணி கொழும்புக்குப் போனாள். ஒரு வருசம் என்று போனவள் இரண்டாவது வருசமும் அங்கேதான். தெகிவளையில் அறை எடுத்திருக்கிறாள், கல்யாணப் பேச்சு எடுத்தால் லைனை வெட்டிவிடுகிறாளாம். கம்பளை மாப்பிள்ளையை நிலூஷா கட்டிக்கொண்டாள். அவர்களாகத்தான் வந்து கேட்டார்கள் என்று ரத்தினம்மா கேட்காதவர்களிடமும் சொல்கிறாள். றஞ்சனா மிஸ் இன்னும் தனிக்கட்டைதான். மஹய்யாவ அவளுக்கு மூன்று பேரைப் பார்த்து வைத்திருக்கிறது. அவளுக்குத்தான் இன்னும் சொல்லவில்லை.