வேன் போன இடம்

புரளிகளை நம்பாதீர்கள் என்று ஊர் ஊராகப் போய்ப் பேசுகிறவன் நான். பெயர் ராபர்ட். சிதம்பரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் அறிவியல் ஆசிரியர். சனி ஞாயிறுகளில் என்னைப் போன்ற நாலைந்து வாத்தியார்கள் சேர்ந்து கிளம்புவோம். ஒருமுறை காடாம்புலியூர்ப் பக்கம் குடிதண்ணீர்த் தொட்டியில் யாரோ மருந்து கலந்துவிட்டார்கள் என்று கிளப்பிவிட, ஊரே தாகத்தோடு உட்கார்ந்திருந்தது. நான்தான் குழாயடியில் நின்று இரண்டு சொம்பு குடித்துக் காட்டினேன். கை தட்டினார்கள். எந்தச் சேதி வந்தாலும் முதலில் சொன்னது யார் என்று விசாரியுங்கள் என்று சொல்லிவிட்டு, பெருமையாக பஸ் ஏறினேன்.

என் அக்கா வீட்டில் ஏழு வருடமாக ஒரு புரளி குடியிருக்கிறது. அதற்கு முதல் வார்த்தை கொடுத்தவன் நான்தான்.

அக்கா பெயர் ஜான்சி. நெல்லிக்குப்பத்தில் இருக்கிறாள். அவள் கணவர் தேவசகாயம் மாமாவுக்கு சர்க்கரை ஆலையில் வேலை. அவர்களுடைய மூத்த பிள்ளை சுவேதாவுக்கு 2004 கிறிஸ்துமஸ் அன்று ஆறு வயது. கிறிஸ்துமஸுக்கு எங்கள் குடும்பத்தில் எல்லாருக்கும் ஒரே துணியில்தான் தைப்போம். கடையில் முழு பீஸாக வாங்கி, ஆண்களுக்குச் சட்டை, பெண் பிள்ளைகளுக்குக் கவுன் என்று டெய்லரிடம் கொடுத்துவிடுவோம். சர்ச்சில் வரிசையாக உட்கார்ந்தால் ஒரே வீட்டு ஜன்னல் திரைகள் மாதிரி இருப்போம். தெருவில் கிண்டல் செய்வார்கள், நாங்களும் சேர்ந்து சிரிப்போம். அந்த வருடம் பச்சையில் வெள்ளைப் பூப்போட்ட துணி.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. பத்து மணி ஆராதனைக்குள் திரும்பிவிடலாம் என்று மாமா சுவேதாவை மொபெட்டில் வைத்துக்கொண்டு கடலூருக்குப் போய், தேவனாம்பட்டினம் கடற்கரையைக் காட்டக் கூட்டிப் போனார். பச்சைக் கவுனைத்தான் போடுவேன் என்று அடம்பிடித்து அதையே போட்டுக்கொண்டு போனாள். கடல் வந்தது. மாமா தொடை எலும்பு முறிந்து ஒரு மதில் சுவரோரம் கிடைத்தார். அவர் கையில் பிள்ளை இல்லை.

நான் அப்போது லீவுக்கு அக்கா வீட்டில்தான் இருந்தேன். அதே துணியில் தைத்த சட்டையோடு ஓடினேன். கடற்கரையிலிருந்து ஆஸ்பத்திரி வரைக்கும் எதிரில் வந்தவர்களிடமெல்லாம் சட்டையின் நுனியைப் பிடித்துக் காட்டி, இந்தத் துணியில கவுன் போட்ட புள்ளையப் பாத்தீங்களா என்று கேட்டேன். கேட்ட ஒவ்வொருவர் மனதிலும் பச்சைத் துணி பதிந்துவிட்டது.

ஆஸ்பத்திரியின் பின்பக்க வராண்டாவில் வரிசையாகக் கிடத்தியிருந்தார்கள். பாதி வரிசை தாண்டியபோது பச்சை தெரிந்தது. தூங்குகிற மாதிரி இருந்தது என்று சொல்லுவார்கள், அப்படியெல்லாம் இல்லை. வாயில் மண் இருந்தது. விரலால் துடைத்துவிட்டேன். கவுனை முழங்காலுக்குக் கீழே இழுத்துவிட்டேன். பிறகு எழுந்து வாசலுக்கு நடந்தேன்.

வாசலில் அக்கா கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். வயிற்றில் ஏழு மாதம். என்னைப் பார்த்ததும், "உள்ள நம்ம புள்ள இல்லல்ல?" என்றாள்.

"இல்லக்கா" என்றேன்.

நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். மாமாவுக்குக் கட்டுப் போட்டு முடியட்டும், அவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சொல்லலாம் என்று நினைத்தேன். கோழைத்தனம், வேறு பேரெல்லாம் அதற்குக் கிடையாது.

அந்த நேரம் பார்த்து மீன் விற்கிற கொளஞ்சியம்மாள் மூச்சிரைக்க வந்தார். வழியில் நான் சட்டையைக் காட்டிக் கேட்டவர்களில் அவரும் ஒருவர். "தம்பி, நீ காட்டுன அதே துணிதான். ஒரு வெள்ள வேன்ல தூக்கி ஏத்தினாங்க. என் கண்ணால பாத்தேன்" என்றார்.

"உசுரோடவா?" என்று அக்கா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"கண்ணு மூடியிருந்துச்சும்மா. மயக்கமாத்தான் இருக்கும்."

கொளஞ்சியம்மாள் பொய் சொல்லவில்லை. அந்த வேன் எங்கே வந்து இறக்கியது என்பது எனக்குத் தெரியும். முப்பதடி தூரத்தில், சுவருக்கு அந்தப் பக்கம். வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை.

மறுநாள் விடிந்ததும் போனேன். வராண்டாவைக் கழுவிவிட்டிருந்தார்கள். நோய் பரவும் என்ற பயத்தில், ஆள் வராத உடல்களையெல்லாம் எடுத்துப்போய் மொத்தமாகப் புதைத்துவிட்டார்கள். எங்கே என்று கேட்டதற்கு ஆளுக்கொரு திசையைக் காட்டினார்கள். புதைக்கும் முன் ஒவ்வொரு முகத்தையும் போட்டோ எடுத்திருந்தார்கள். இரண்டு மாதம் அலைந்து, எடுத்தவரைப் பிடித்து ஒரு பிரதி வாங்கினேன். வாங்கி ஒளித்து வைத்தேன்.

வயிற்றுப் பிள்ளை பிறக்கட்டும் என்று தள்ளிப்போட்டேன். செம்பியன் பிறந்தான். ஞானஸ்நானம் முடியட்டும் என்றேன். அக்கா கொஞ்சம் தேறட்டும் என்றேன். ஒவ்வொரு தடவையும் நியாயமான காரணம் ஒன்று கிடைத்தது.

அதற்குள் வேன் தன் பாட்டுக்கு ஓட ஆரம்பித்துவிட்டது. முதலில் ஏதோ ஆசிரமத்துக்குப் போனது. பிறகு வேறு மாநிலத்துக்கு. பிறகு பிள்ளை இல்லாத பணக்காரர்களுக்குக் குழந்தைகளை விற்கிற ஒரு கூட்டத்தின் வண்டியானது. அதில் டாக்டர்களுக்குப் பங்கு, போலீசுக்குப் பங்கு. அவசரமாகப் புதைத்ததே கணக்கை மறைக்கத்தான் என்று ஆனது. அக்கா முட்டாள் இல்லை. பி.ஏ. முடித்தவள். திங்கட்கிழமை தவறாமல் கலெக்டர் ஆபீசில் மனு கொடுத்தாள். என் தம்பி அறிவியல் ஆசிரியர், அவரே ஆஸ்பத்திரி முழுவதும் தேடிப் பார்த்தார், என் மகளின் உடல் அங்கு இல்லை என்று ஒவ்வொரு மனுவிலும் முதல் பத்தியில் எழுதினாள். பொணம் இல்லன்னா சாவு இல்ல என்பது அவள் வாதம். என் வகுப்பில் ஒரு பிள்ளை அப்படி வாதாடியிருந்தால் மார்க் போட்டிருப்பேன்.

செம்பியனை அவள் தெருவில் விளையாட விட்டதே இல்லை. பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு, மணி அடிக்கும்வரை வெளியே மரத்தடியில் உட்கார்ந்திருப்பாள். வெள்ளை வேன் ஏதாவது வந்து நின்றால் எழுந்து போய் நம்பரைக் குறித்துக்கொள்வாள். மாமா ஷிப்ட் முடிந்து நொண்டிக்கொண்டே வந்து, சாப்பிட்டுவிட்டுப் படுத்துக்கொள்வார்.

இதெல்லாம் எங்கள் குடும்பத்தோடு போயிருக்கும். ஆனால் 2012 பிப்ரவரியில் எங்கள் பள்ளி ஆண்டு விழாவுக்கு அக்காவை வரச் சொன்னேன். மாறுதலாக இருக்கட்டும் என்று நினைத்தேன். மேடையில் எட்டாம் வகுப்பு நித்யஸ்ரீ ஆடினாள். பதின்மூன்று வயது, ஒடிசலான உடம்பு, இடது புருவத்தில் ஒரு தழும்பு. சுவேதாவுக்கும் அதே இடத்தில் தழும்பு உண்டு, ஊஞ்சலில் விழுந்தது. அக்கா என் கையைப் பிடித்தாள். அந்தப் பிடியிலேயே எனக்குப் புரிந்துவிட்டது.

நித்யஸ்ரீயின் அப்பா பொன்னம்பலம் தபால் ஆபீசில் வேலை பார்க்கிறவர். நடராஜர் கோயிலை ஒட்டிய சந்தில் வீடு. மறு வாரத்திலிருந்து அக்கா தினமும் செம்பியனைப் பள்ளியில் விட்டுவிட்டு சிதம்பரத்துக்கு பஸ் ஏறினாள். மரத்தடிக்குப் பதிலாக அந்த வீட்டுக்கு எதிரில் நின்றாள். திட்டவில்லை, கத்தவில்லை. சும்மா நின்றாள். பெண் டியூஷனுக்குப் போனால் பின்னாலேயே போனாள். ஒரு நாள் கிட்டப் போய், "சுவேதா, அம்மாவ ஞாபகம் இருக்கா?" என்று கேட்டிருக்கிறாள். அன்றிலிருந்து அந்தப் பெண் பள்ளிக்கு வருவதை நிறுத்திவிட்டது. அவள் அம்மா சிவகாமு வாசல் கோலம் போடக்கூட வெளியே வருவதில்லை என்று கேள்விப்பட்டேன்.

பொன்னம்பலம் ஸ்டாஃப் ரூமுக்கு வந்தார். கையில் மகளின் பிறப்புச் சான்றிதழ், தொட்டிலில் கிடக்கிற போட்டோ, ஒண்ணாம் வகுப்பு ரேங்க் கார்டு. தன் பிள்ளை தன் பிள்ளைதான் என்று நிரூபிக்க ஒரு மனிதர் காகிதம் தூக்கிக்கொண்டு வந்து நிற்கிறார். எனக்குத் தலை நிமிரவில்லை.

"சார், அவுங்க கஷ்டம் எனக்குப் புரியாம இல்ல. போலீசுக்குப் போனா அவுங்களத்தான் புடிச்சி உக்கார வெப்பாங்க. அது வேணாம்னு பாக்கறேன். உங்களால முடிஞ்சா ஒரு வாரத்துக்குள்ள சொல்லி நிறுத்துங்க. எம் பொண்ணு ராத்திரில எழுந்து எழுந்து, நான் உங்களுக்குத்தான பொறந்தேன்னு கேக்குது சார்."

சனிக்கிழமை காலை போட்டோவை எடுத்துக்கொண்டு நெல்லிக்குப்பம் போனேன். மாமா கட்டிலில் உட்கார்ந்திருந்தார். அக்கா கறி வாங்கி வந்து குழம்பு வைத்திருந்தாள். சாப்பிட்டால் சொல்ல முடியாது என்று தெரியும். செம்பியனை உள்ளே போய்ப் படிக்கச் சொல்லிவிட்டு ஆரம்பித்தேன்.

"அக்கா, அன்னிக்கு ஆஸ்பத்திரில நான் சுவேதாவப் பாத்தேன். வராண்டால. செத்துப்போயிருந்துச்சி. உன் வயித்தப் பாத்து பயந்துட்டு இல்லன்னு சொல்லிட்டேன். அந்த வேன் அங்கதான் வந்துச்சி. நான்தான் சொல்லல."

போட்டோவை அவள் முன்னால் வைத்தேன். அவள் அழுவாள், அடிப்பாள், வெளியே போடா என்பாள் என்று ஏழு வருடமாக ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன். அவள் போட்டோவைக் கையில் எடுத்து, வெளிச்சத்தில் சாய்த்து, நான் பள்ளிக்கூடங்களில் சொல்லிக்கொடுக்கிற மாதிரியே நிதானமாகப் பார்த்தாள்.

"இது யாரு குடுத்தா?"

"போட்டோ எடுத்தவரு. அப்பவே வாங்குனேன்."

"அப்பவே வாங்குனத இப்ப ஏன் எடுத்தாந்த? நான் அந்த வூட்டக் கண்டுபுடிச்ச பெறவு?"

"அந்தப் பொண்ணு பயப்படுதுக்கா. அதான்."

"முகம் இப்படி ஊதியிருக்கு. யாரு வேணா இருக்கலாம். கவுனு கலர கம்ப்யூட்டர்ல மாத்திடலாம். நீதான ஊர் ஊரா போய் சொல்ற, போட்டோவ பாத்து நம்பாதீங்கன்னு."

"அக்கா, நான் என் கையால அது வாயில இருந்த மண்ணத் தொடச்சேன்."

அவள் என்னையே பார்த்தாள். பிறகு எழுந்து போய்க் கதவைச் சாத்தினாள். திரும்பி வந்து என் பக்கத்தில், தரையில், முழங்கால் இடிக்க உட்கார்ந்தாள். சின்ன வயதில் எனக்குக் காய்ச்சல் வந்தால் அப்படித்தான் உட்காருவாள்.

"யாருடா மெரட்டுனது?" என்றாள், மெல்ல.

"யாரும் மெரட்டலக்கா."

"என் தம்பிய எனக்குத் தெரியாதா? என் புள்ளயப் பொணமாப் பாத்துட்டு, அனாதையாக் குழியில போட வுட்டுட்டு, ஏழு வருசம் எங்கையால சோறு வாங்கித் தின்னிருப்பியா நீ? அந்த மாதிரி ஆளா நீ? வேலைய எடுத்துடுவேன்னு சொன்னாங்களா? சொல்லு. அக்கா இருக்கேன். பயப்படாத."

நான் அந்த மாதிரி ஆள்தான் என்று சொன்னேன். இரண்டு தடவை சொன்னேன். பைபிள் மேல் கை வைத்துக்கூடச் சொன்னேன். சொல்லச் சொல்ல அவள் முகத்தில் இரக்கம் கூடிக்கொண்டே போனது. தம்பியை என்ன பாடு படுத்தியிருந்தால் இப்படிச் சத்தியம் பண்ணுவான் என்று நினைத்திருப்பாள். பிறகு இலை போட்டாள். நான் சாப்பிட்டேன்.

பஸ்ஸுக்குத் தனியாகப் போகாதே என்று மாமாவைத் துணைக்கு அனுப்பினாள். அவர் காலை இழுத்துக்கொண்டு என் கூட நடந்தார். கரும்பு ஏற்றிய டிராக்டர்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஆலைக்குப் போய்க்கொண்டிருந்தன. அவை போகட்டும் என்று ஓரமாக நின்றோம்.

"நெசமா மச்சான்?" என்றார்.

"நெசம் மாமா."

அவர் போட்டோ கேட்கவில்லை. சாட்சி கேட்கவில்லை. உடனே நம்பிவிட்டார். எத்தனையோ பேரை நம்ப வைக்க நான் தொண்டை கிழியப் பேசியிருக்கிறேன், இவ்வளவு சுலபமாக ஒருவரும் நம்பியதில்லை. அது எனக்குத் தாங்கவில்லை.

"வலிச்சிருக்குமா?"

"தெரியல மாமா."

"எந்தக் குழி?"

"தெரியல மாமா. கேட்டுப் பாத்தேன். சரியா யாருக்கும் சொல்லத் தெரியல."

தலையை ஆட்டினார். வேட்டி நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அன்னிக்கே சொல்லியிருந்தா ஒரு பொட்டி வாங்கி நம்ம கல்லறையில வெச்சிருப்பேன். கல்லறைத் திருநாளுக்கு எல்லாரும் பூ எடுத்துக்கிட்டு போறப்ப நான் வூட்லயே ஒக்காந்திருப்பேன். எங்க போறதுன்னு தெரியாம" என்றார். பிறகு, "அவகிட்ட இனிமே சொல்லாத. அவளுக்கு நீ ஒருத்தன்தான் இருக்க" என்றார். பஸ் வந்தது. ஏறிக்கொண்டேன்.

திங்கட்கிழமை பொன்னம்பலத்திடம் போய், என்னால் முடியவில்லை என்று சொன்னேன். அவர் கோபப்படவில்லை. முழுப் பரீட்சை முடிந்ததும் மகளுக்கு டி.சி. வாங்கிக்கொண்டார். திருச்சியில் சித்தி வீட்டில் தங்கிப் படிக்கப்போவதாகச் சொன்னார். வகுப்பாசிரியர் நான்தான். கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். நித்யஸ்ரீ வாசலில் நின்றுகொண்டு தெருவின் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுத்தான் இறங்கினாள்.

அன்று சாயங்காலம் அக்கா போன் செய்தாள். பல வருடமாக அவள் குரல் அவ்வளவு தெளிவாக இருந்து நான் கேட்டதில்லை.

"பொட்டி படுக்கையோட ஓடறாங்களாமே. பாத்தியா? தப்பு பண்ணாதவங்க எதுக்கு ஓடணும்? மனு எழுதிட்டேன். புள்ள சிதம்பரத்துல இருந்துச்சின்னு சாட்சியா உன் பேரையும் போட்டிருக்கேன். உன்ன மெரட்டுனதையும் எழுதியிருக்கேன், பாதுகாப்பு கேட்டிருக்கேன். இனிமே உன்ன யாரும் ஒண்ணும் பண்ண முடியாது. நீ தைரியமா சொல்லு, அது நம்ம சுவேதாதான?"

மறுமுனையில் செம்பியன் ஏதோ கேட்டு நச்சரிக்கிற சத்தமும், மாமா அவனை அதட்டுகிற சத்தமும் கேட்டன. அக்கா காத்துக்கொண்டிருந்தாள்.

"ஆமாக்கா" என்றேன்.