விடுப்பில் இருப்பவளின் கணக்கு

1

இந்தக் கதை ஒரு நண்பனின் புலம்பலில் பிறந்தது. நீண்ட விடுப்பில் போகிறவர்களின் கணினிக் கணக்கைப் பூட்டுவது அவன் வேலை. "பூட்டினாலும் திட்டு, பூட்டலைன்னாலும் திட்டு" என்றான். சிரித்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். அங்கே சொல்லிச் சிரிக்க ஆளில்லை, எழுத உட்கார்ந்தேன்.

2

"அலுவலகம் முழுக்க அவன் கைக்குள் இருந்தும் அவனை ஒருவரும்—"

வேண்டாம், அழுமூஞ்சித்தனம். நேராகவே சொல்கிறேன். கணினிக்காரன் தனி அறையில் இருப்பவன். கடவுச்சொல் மறந்தவர்களுக்கு மட்டும் அவன் ஞாபகம் வரும். கொள்முதல் பிரிவு அக்கா முதுகில் அறுவை சிகிச்சை செய்துகொண்டு நீண்ட விடுப்பில் இருக்கிறாள். (அவளுக்கு ஒரு மகளைக் கொடுக்கலாமா என்று யோசித்தேன். கொடுத்தால் கதை கெட்டுப்போகும். மன்னித்துவிடு, அக்கா.) விடுப்பில் இருப்பவர்கள் கணக்குக்குள் நுழையக் கூடாது. அவளோ தினமும் காலையில் நுழைகிறாள், ஒரு ஃபைலைக்கூடத் திறக்காமல் சாயங்காலம் வெளியேறுகிறாள். யாரோ திருட்டுத்தனமாக நுழைகிறார்கள் என்று பயந்து கணினிக்காரன் அவளையே போனில் அழைத்தான்.

3

"நான்தான் தம்பி. வேலை எதுவும் பாக்கல. ஆபீஸ் குரூப்ல பேசிக்கிறாங்கல்ல, அதைப் படிச்சுட்டுப் படுத்திருப்பேன். ஏசி குளிருதாம், யாரோ குடையை மாத்தி எடுத்துட்டாங்களாம்."

"நீங்களும் ஒரு வார்த்தை போடலாமேக்கா?"

"போட்டேன். யாரும் பாக்கல போல."

எல்லாரும் பார்த்திருந்தார்கள். அவன் திரையில் அது தெரிந்தது. சொல்ல மனம் வரவில்லை.

"பூட்டிடுவீங்களா தம்பி?"

"மேல கேக்குறாங்கக்கா. இன்னைக்கே..."

பிறகு தேவையே இல்லாமல் வலி எப்படி இருக்கிறது என்று கேட்டான். அவள் முதுகைப் பற்றியும் மாடி வீட்டுக் குழாய் போடும் சத்தத்தைப் பற்றியும் பேசிக்கொண்டே போனாள். அன்றைக்கு அவனோடு பேசிய முதல் ஆள் அவள்தான்.

4

முடிவு ஒன்று: பூட்டிவிடுகிறான். விதிப்படி சரி. எழுதிவிட்டு எனக்குச் சோறு இறங்கவில்லை.

முடிவு இரண்டு: மற்றதை எல்லாம் மூடிவிட்டு, குழுவைப் படிக்க மட்டும் விட்டுவைக்கிறான். (பதில் சொல்லாத கூட்டத்தைத் தினமும் பார்க்க வைப்பது நல்லதனமா?)

முடிவு மூன்று: சக ஊழியர்கள் எல்லாரும் கிளம்பி அவள் வீட்டுக்கு—

அடித்துவிட்டேன். நானே உண்டாக்கிய ஆட்கள்தான். ஒருவர்கூட நாற்காலியை விட்டு எழவில்லை.

ஆக, பூட்டினான். இனி அவளை அழைக்க அவனுக்கு அலுவல் காரணம் எதுவும் இல்லை. காரணமே இல்லாமல் ஒருவரை அழைத்தால் என்ன பேசுவது என்று அவனுக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது, தெரிந்திருந்தால் ஏன் கதை எழுதப்போகிறேன்? உங்களுக்குத் தெரியுமானால் அடுத்த வரியை நீங்கள் சொல்லுங்கள். சீக்கிரம். அவன் அவளுடைய எண்ணை அழுத்திவிட்டான், அவளும் எடுத்துவிட்டாள்.