குளத்து நடுவில் ஒரு நாற்காலி

1

இந்தக் கதை ஒரு பழைய சாய்வு நாற்காலியிலிருந்து கிளம்பியது. வெர்மான்ட் மாநிலத்து எங்கள் சிற்றூரில் குளம் கல்லாய் உறைந்ததும் யார் வீட்டிலிருந்தாவது ஒரு பழஞ்சாமானை இழுத்துப்போய், பிறகு மீட்டெடுக்கக் கரைவரை கயிறு கட்டி, நடுவில் வைப்போம். அது என்றைக்கு மூழ்குகிறதோ அன்றைக்குத்தான் எங்களுக்கு வசந்தம். அந்த நாளை முன்கூட்டியே பந்தயம் கட்டிச் சரியாகச் சொன்னவருக்கு ஒரு கேன் மேப்பிள் மரப்பாகு. காலண்டர் சொல்லும் தேதியை இங்கே யாரும் சீந்துவதில்லை.

இந்தத் தடவை நாற்காலி. அதில் யாராவது உட்கார்ந்திருந்தால்? என் முதலீடு அந்தக் கேள்விதான். மற்றதெல்லாம் கைச்சரக்கு.

2

‘மார்ச் மாதத்துப் பொன்வெயில் மலைமுகட்டில்…’

(வேண்டாம். உரைத்துப் பார்த்தேன், பித்தளை.)

‘ஹாலிஸ் தனிமையில் வாடும் ஒரு…’

(இதுவும் வேண்டாம். ஹாலிஸ் வாடுகிற ஆள் இல்லை. காலமெல்லாம் பனி அள்ளும் லாரி ஓட்டியவர்.)

சரி, இப்படி: மதியம் சாய்ந்த நேரம். பனியிலிருந்து பால் போல மூடுபனி எழும்பிக்கொண்டிருந்தது. மரங்களில் மாட்டிய வாளிகளில் மேப்பிள் சாறு சொட்டும் சத்தம், யாரோ தூக்கத்தில் பேசுவது போல. குளிர்காலம் முழுக்க நடந்த மேட்டுப்பாதை இளகிச் சேறாகிவிட்டதால், ஹாலிஸும் அவருடைய கிழட்டு நாய் ரூஃபஸும் இன்று முதன்முறையாகக் குளக்கரை வழியே வந்தார்கள். கூடவே பக்கத்து வீட்டு வெர்னா. அவள் பின்னால் அவள் பூனை.*

“கருங்குருவி திரும்பி வந்துடுச்சு, சத்தம் கேட்டியா?” என்றார் ஹாலிஸ்.

“நேத்தே கேட்டேன். உன் காதுக்கு எல்லாம் தபால்லதான் வரும்போல.”

* பூனை உலாவுக்கு வருமா என்பீர்கள். இது வரும். கூப்பிட்டால் வராது, அவ்வளவுதான்.

3

ரூஃபஸ் நின்றது. மூக்கைத் தூக்கியது. பிறகு பனிக்கட்டி மேல் இறங்கி, சொந்த வீட்டுக்குப் போகிற நிதானத்தோடு நடந்து, நாற்காலியில் ஏறிச் சுருண்டு படுத்தது.

அது ஆர்லீனின் நாற்காலி. ஹாலிஸின் மனைவி, போன இலையுதிர்காலத்தில் இறந்துபோனாள். காலியாகக் கிடந்ததைப் பார்க்கச் சகிக்காமல் ஹாலிஸ்தான் அதை ஊருக்குக் கொடுத்தார். அவள் மடியில் கிடந்து வளர்ந்த நாயையும் ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை.

பனிக்கட்டி இளகி மெலிந்து சாம்பல் நிறமாகிவிட்டிருந்தது. பூனை ஒரு பாதத்தை வைத்துப் பார்த்து, எடுத்துக்கொண்டது.

“ரூஃபஸ்! இங்க வா!”

ஒரு காது மட்டும் அசைந்தது.

“நீ இன்னிக்கு மூழ்கும்னுதானே பந்தயம் கட்டியிருக்க?” என்றார் ஹாலிஸ்.

“வாயை மூடு. பாகு யாருக்கய்யா வேணும்?”

4

இப்போது நீங்களும் நானும் பேரம் பேசலாம்.

‘சடசடவென்று பனிக்கட்டி பிளந்து, ரூஃபஸ்…’

முகம் சுளிக்கிறீர்கள். சரி, அந்தச் சரக்கை உள்ளே வைத்துவிடுகிறேன். ஹாலிஸ் தவழ்ந்து போகட்டுமா? அவர் எடைக்கு இருவருமே போய்விடுவார்கள். நாற்காலியில் கயிறு இருக்கிறதே, இழுக்கலாமே என்பீர்கள். கால்கள் பனிக்குள் இறுகிக் கிடக்கின்றன. இழுத்தால் முதலில் உடைவது அந்த இடம்தான்.

நாய் தானாக நடந்து வர வேண்டும். வேறு விலை இல்லை.

5

“ஆர்லீன் எப்படிக் கூப்பிடுவா?” என்று கேட்டாள் வெர்னா.

ஹாலிஸ் பூட்ஸைப் பார்த்தார். “அதெல்லாம் ஆம்பளை வாயில வர்ற பேச்சா?”

“கௌரவத்தைக் கரையில வச்சுக்கிட்டு நாயைக் குளத்துல விடப்போறியா? கூப்பிடுய்யா. நான் காதைப் பொத்திக்கறேன்.”

பொத்திக்கொண்டாள், விரல்களை நன்றாக அகட்டி.

ஹாலிஸ் தொப்பியைக் கழற்றினார். லாரி இரைச்சலுக்கு மேல் கத்திப் பழகிய தொண்டையிலிருந்து மெல்லிய, கொஞ்சலான ஒரு குரல் வந்தது. கடைசியாக அவர் வீட்டுச் சமையலறையில் கேட்ட குரல்.

“அம்மாகிட்ட வாடா, தங்கக்கட்டி… மெதுவா… மெதுவா வாடா…”

வாளிகள் சொட்டின. எங்கோ அடியில் குளம் ஒருமுறை முனகியது. ரூஃபஸ் தலையைத் தூக்கியது. இறங்கியது. நாற்காலிக்கும் கரைக்கும் நடுவில் வந்து, திரும்பி, காலி நாற்காலியைப் பார்த்தபடி நின்றது.

நின்றுகொண்டிருக்கிறது.

அதற்கு மேல் என்னால் நகர்த்த முடியவில்லை. ஹாலிஸ் விடாமல் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறார். வெர்னா காதிலிருந்து கையை எடுத்துவிட்டாள். அவளும் இப்போது அதே வார்த்தைகளைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறாள். இன்னும் ஒரு குரல் சேர்ந்தால் நாய் இந்தப் பக்கம் திரும்பலாம்.

என்ன சொல்லிக் கூப்பிட வேண்டும் என்று உங்களுக்குத் தெரியும். உங்கள் அறையில் ஆள் இருந்தாலும் பரவாயில்லை. வாய்விட்டுக் கூப்பிடுங்கள்.