அறுபத்தோரு கிலோ

சங்கரன்கோவில் தெற்கு ரத வீதியில் பாத்திரக்கடை வைத்திருக்கும் கோமதிசங்கருக்கு ஒரு வித்தை கைவந்திருந்தது. குடமோ, அண்டாவோ, தூக்குச்சட்டியோ, எதையும் கையில் வாங்கி ஒரு தடவை மேலும் கீழும் ஆட்டினாரென்றால் எடையைச் சொல்லிவிடுவார். தராசில் வைத்துப் பார்த்தால் ஐந்து கிராம், பத்து கிராம் முன்பின் இருக்கும், அவ்வளவுதான். சீர் வாங்க வருகிற பெண்கள் மோவாயில் கை வைத்து அதிசயப்படுவார்கள். இப்படிப் பதினெட்டு வருஷம் ஊர் அதிசயப்பட்டதில், உலகத்திலுள்ள சகல பொருள்களின் எடையும் தனக்கு அத்துப்படி என்ற நினைப்பு மனிதருக்கு வந்துவிட்டது. தன் சொந்த எடை மட்டும் தெரியாது. கல்யாணத்தின்போது எழுபத்திரண்டு கிலோ. அதற்குப் பிறகு பார்க்கவில்லை. பார்க்காவிட்டால் ஏறாது என்று நம்பிக்கொண்டிருந்தார்.

அவரிடம் ஒரு நூறு சிசி வண்டி இருந்தது. பதினோரு வருஷத்து வண்டி. மனைவி இசக்கிச்செல்வி மேலநீலிதநல்லூர் யூனியன் ஆபீஸில் வேலை பார்க்கிறாள். தினமும் காலையில் அவளை அங்கே கொண்டுபோய் விட்டுவிட்டு வந்துதான் கடையைத் திறப்பார். புடவை சக்கரத்தில் மாட்டாமலிருக்க சாரி கார்டு, கால் வைக்க அகலமான படி, பிடித்துக்கொள்ளக் கைப்பிடி என்று அவளுக்காகவே பார்த்துப் பார்த்து மாட்டிய வண்டி அது. வீட்டில் ஆள் மாற்றி ஆள் இருப்பார்கள். அந்த அரைமணி நேரம்தான் இரண்டு பேரும் தனியாகப் பேசுவது. ஆபீஸ் கதை முழுவதையும் அவள் அவர் தோளுக்குப் பின்னாலிருந்து சொல்லிக்கொண்டே வருவாள். அவருக்கும் அது பிடித்துத்தான் இருந்தது. பிடித்திருப்பதைக் கண்டுகொள்கிற அளவுக்கு விவரம் இல்லை.

சித்திரை மாதம் மச்சினன் சங்கரபாண்டி ஒரு புது வண்டியைக் கொண்டுவந்து கடை வாசலில் நிறுத்தினான். முந்நூற்றைம்பது சிசி. அது உறுமிய உறுமலில் அலமாரியில் அடுக்கியிருந்த தட்டுகளெல்லாம் கிணுகிணுவென்று ஆடின.

"அத்தான், வண்டின்னா இதுதான் வண்டி. உங்க வண்டிக்கு இழுப்புலா வந்திருக்கு. எஞ்சின் பெருசா இருக்கணும் அத்தான். மத்ததெல்லாம் சும்மா."

"ஏலே மாப்ளே, இது வண்டியாலே? ரோடு ரோலரு. இருநூறு கிலோ இரும்ப இழுக்கதுக்கே பாதி எஞ்சின் செத்துரும். எடையக் கொறைச்சா என் வண்டியே பறக்கும் பாத்துக்க. எடையப் பத்தி எங்கிட்டப் பேசாத."

சங்கரபாண்டி சிரித்தான். அந்தச் சிரிப்புதான் வினையாகப் போயிற்று. அவனுக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்ததே அவன் அக்கா இசக்கிச்செல்விதான். கல்யாணத்துக்கு முன்னால் அப்பாவின் வண்டியில் ஆட்டுக்குத் தழைக்கட்டு ஏற்றிக்கொண்டு போனவள் அவள். அந்தச் சங்கதியை அவனும் வெளியே சொல்வதில்லை, கோமதிசங்கரும் நினைவு வைத்துக்கொள்ளவில்லை. ஆண்பிள்ளைகள் இரண்டு பேர் எஞ்சினைப் பற்றிப் பேசும்போது அதெல்லாம் எதற்கு?

பந்தயம் முடிவாயிற்று. ஆனி மாதம் கடைசி ஞாயிறு. ஊருக்கு மேற்கே லாரி எடை போடுகிற வேபிரிட்ஜிலிருந்து இரண்டு கிலோமீட்டர் தள்ளியுள்ள பாலம் வரைக்கும் ஒருவர் பின் ஒருவராகப் போய்த் திரும்பி வர வேண்டும், நேரம்தான் கணக்கு. கடைசியாக வருகிறவர் ஜெயித்தவரின் வண்டியில் பின்னால் உட்கார்ந்து நாலு ரத வீதியும் சுற்ற வேண்டும். நடுவர், மெக்கானிக் முகம்மது அப்சல். கடையநல்லூர்க்காரர், துபாயில் ஒன்பது வருஷம் பெரிய பெரிய வண்டிகளைப் பார்த்துவிட்டு வந்தவர், நியாயஸ்தர்.

அப்சல் அன்றைக்கே கோமதிசங்கரை வண்டியோடு வேபிரிட்ஜில் ஏறச் சொன்னார்.

"நான் எதுக்குவே ஏறணும்? எடை கொறையப்போறது வண்டிக்குலா."

"ரோட்டுல ரெண்டும் சேந்துதான அண்ணாச்சி ஓடுது?"

இருநூற்றுப் பத்து கிலோ என்று சீட்டு வந்தது. பாலம் வரை போய் வந்ததற்கு ஆறு நிமிஷம் ஐந்து விநாடி. அப்சல் இரண்டையும் செல்போனில் குறித்துக்கொண்டார். பிறகு கோமதிசங்கரின் வயிற்றை ஒரு தடவை பார்த்தார். எதுவோ சொல்ல வந்து, வாடிக்கையாளர் என்பதால் விட்டுவிட்டார்.

மறுநாள் முதல் கழற்றும் படலம் தொடங்கியது. முன்னால் இருந்த கிராஷ் கார்டு போயிற்று. கடைத் தராசில் வைத்தார், மூன்று கிலோ இருநூறு. கண்ணாடி இரண்டும் போயின. பின்னால் வருகிறவனைப் பார்த்து நமக்கென்ன ஆகப்போகிறது, அவன்தானே நம்மைப் பார்த்து வர வேண்டும் என்றார். பெரிய ஸ்டாண்டு, செயின் கவர், கேரியர் எல்லாம் ஒவ்வொன்றாகச் சாக்குக்குள் போயின. ஹெல்மெட் ஒன்றேகால் கிலோ இருந்தது, ஆணியில் தொங்கிற்று. தலைக்குள் இருப்பதன் எடையை வைத்துப் பார்த்தால் அதைக் காப்பாற்ற இவ்வளவு கனம் தேவையில்லை என்று அவரே முடிவு செய்திருக்கலாம். ஒவ்வொரு சாமான் கழன்ற அன்றைக்கும் அந்தச் சந்தோஷத்தில் மட்டன் பிரியாணி. ஒரு பிளேட்டோடு நிற்கிற சந்தோஷமல்ல அது. கடைக்கு வருகிற பெண்களிடம் குடத்தின் விலையைச் சொல்வதற்கு முன்னால், வண்டியில் இதுவரைக்கும் எத்தனை கிலோ இறங்கியிருக்கிறது என்பதைச் சொன்னார்.

வைகாசியில் சாரி கார்டு கழன்றது. இசக்கிச்செல்வி முந்தானையைச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அடுத்த வாரம் கைப்பிடி போனது. அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். அதற்கடுத்த வாரம் கால் வைக்கிற படியும் போயிற்று.

"காலை எங்கன வைக்க?" என்று கேட்டாள்.

"ரெண்டு மாசம்தானட்டி? தொங்கப் போட்டுக்க."

பன்னிரண்டு கிலோமீட்டர் காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு போனாள். யூனியன் ஆபீஸ் வாசலில் இறங்கும்போது இரண்டு காலும் மரத்துப்போய், கேட்டைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். அவர் அதற்குள் வண்டியைத் திருப்பிவிட்டிருந்தார். கண்ணாடி வேறு இல்லையே, தெரிவதற்கு.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் அவள் சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு கடைக்கு வந்தாள். சீர்ப் பாத்திரம் எடுக்க ஒரு குடும்பமே வந்து உட்கார்ந்திருந்தது. கோமதிசங்கர் அவர்களுக்கு வண்டிப் புராணம் வாசித்துக்கொண்டிருந்தார்.

"பதினோரு கிலோ நானூறு கிராம் எறக்கியாச்சு. இனிமே வண்டியில கழட்டதுக்கு ஒரே ஒரு சாமான்தான் பாக்கி." தூக்கோடு நின்றவளைக் கை நீட்டிக் காட்டினார். "அன்னா நிக்கி பாருங்க. அறுபத்தோரு கிலோ."

கடையே சிரித்தது. ஒரு பெண் மட்டும் சிரிக்காமல் கையிலிருந்த தாம்பாளத்தைக் கவிழ்த்து வைத்தாள்.

இசக்கிச்செல்விக்கு முகம் சுண்டிப்போயிற்று. அவமானமும் கோபமும் ஒன்றாக வந்தால் முகம் எப்படியிருக்குமோ அப்படி இருந்தது. கோமதிசங்கர் அதைப் பார்த்தார். எடை சரியாகத்தானே சொன்னோம், பிறகு ஏன் முகம் மாறுகிறது என்று நிஜமாகவே யோசித்தார்.

"திங்கக்கெழமையிலருந்து நான் பஸ்ஸுல போய்க்கிடுதேன்" என்று சொல்லித் தூக்கை வைத்துவிட்டுப் போனாள்.

அதை அவர் வெற்றியாகவே எடுத்துக்கொண்டார். அன்று சாயங்காலமே பின்சீட்டை வெட்டிவிட்டார். ஒரு ஆள் உட்காரும் இடத்துக்குப் பின்னால் வெறும் தகரம். பஞ்சும் ரெக்சினுமாக ஒன்றே முக்கால் கிலோ.

திங்கட்கிழமை காலையில் எட்டு மணிக்கெல்லாம் குளித்துக் கிளம்பி உட்கார்ந்தவருக்குப் போக இடமில்லை. கடையை நேரத்தோடு திறந்தார். ஒரு ஈ காக்கை வரவில்லை. தோளுக்குப் பின்னால் யாரும் பேசாமல் காது ஒரு மாதிரி இருந்தது. இதுதான் எடை குறைந்த சுகம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார். சுகமாக இல்லை. அதையும் ஒப்புக்கொள்ளவில்லை.

ஆனி கடைசி ஞாயிறு வந்தது. மேற்கேயிருந்து மலைக்காற்று ஆளைத் தள்ளிக்கொண்டு அடித்தது. வேபிரிட்ஜில் சங்கரபாண்டியின் கூட்டாளிகள், பக்கத்துக் கடைக்காரர்கள் என்று பத்துப் பதினைந்து பேர். இசக்கிச்செல்வியும் வந்திருந்தாள், சுடிதார் போட்டுக்கொண்டு. தன்னைப் பார்த்து ஊக்கம் கொடுக்க வந்திருக்கிறாள் என்று கோமதிசங்கர் நினைத்தார்.

முதலில் சங்கரபாண்டி. புறப்பட்டபோது பூமி அதிர்ந்தது. ஆனால் வழியில் ஏழு வேகத்தடை. புது வண்டி அடி தட்டிவிடுமோ என்ற பயத்தில் ஒவ்வொன்றிலும் பிள்ளைத்தாய்ச்சியை இறக்குகிற மாதிரி வண்டியை ஏற்றி இறக்கினான். பாலத்தில் வண்டி ஒரே மூச்சில் திரும்பவில்லை. காலை ஊன்றி ஊன்றி, முன்னால் தள்ளிப் பின்னால் இழுத்து, பெரிய எஞ்சினைக் கையால் திருப்பினான். ஐந்து நிமிஷம் இருபது விநாடி.

அடுத்தது கோமதிசங்கர். எலும்புக்கூடாக நின்ற வண்டியில் ஏறினார். மேற்கே பார்த்துப் போகும்போது காற்று அவர் சட்டைக்குள் புகுந்து முதுகில் பலூன் கட்டியது. வண்டிக்கு எடை இல்லாததால் இந்த ஓரத்துக்கும் அந்த ஓரத்துக்கும் அலைந்தது. அவர் பல்லைக் கடித்துக்கொண்டு முறுக்கினார். வந்து நிறுத்தியபோது அப்சல் செல்போனைப் பார்த்தார், கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் பார்த்தார்.

"ஆறு நிமிஷம் அஞ்சு செகண்டு."

"அது அன்னைக்கு உள்ளதுவே. இன்னைக்கு உள்ளதச் சொல்லும்."

"இன்னைக்கும் அதான் அண்ணாச்சி."

வண்டியோடு மறுபடியும் எடைமேடையில் ஏறினார். சீட்டு வந்தது. இருநூற்றுப் பத்து.

"மிஷின் பொய் சொல்லுது!" என்று கத்தினார்.

அப்சல் இரண்டு மாதமாக அடக்கி வைத்திருந்தது அப்போது வெளியே வந்துவிட்டது. "வண்டியில கழட்டுனத எல்லாம் உங்க மேல மாட்டியாச்சு அண்ணாச்சி. பிரியாணின்னா சும்மாவா?"

சிரிப்பு அடங்குவதற்குள் இசக்கிச்செல்வி முன்னால் வந்தாள். தம்பியின் கையிலிருந்த ஹெல்மெட்டை வாங்கித் தலையில் மாட்டி வாரை இறுக்கினாள்.

"எறங்குங்க. நான் ஒரு தடவ போயிட்டு வாரேன்."

"எக்கா, பந்தயம் எங்க ரெண்டு பேருக்கும்லா" என்றான் சங்கரபாண்டி.

"எஞ்சினா எடையான்னுதான் பந்தயம்" என்றார் அப்சல். "ஆளு யாருன்னு பேச்சே இல்லையே. போங்கக்கா."

கோமதிசங்கர் இறங்கினார். வண்டி நாலு விரற்கடை மேலே எழும்பியது. அவள் காற்றுக்குக் குனிந்து கொடுத்தாள். வேகத்தடையில் ஏறுவதும் தெரியவில்லை, இறங்குவதும் தெரியவில்லை. பாலத்தில் ஒரு காலைக்கூட ஊன்றாமல் வளைத்தாள். ஐந்து நிமிஷம் இரண்டு விநாடி.

கோமதிசங்கர் குதித்தார். "பாத்தியால மாப்ளே! எடைதான்! நான் அப்பவே சொன்னேம்லா! எடையக் கொறைச்சாப் பறக்கும்னு!"

"ஆமா" என்றாள் இசக்கிச்செல்வி, ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டே. "எடைதான். இப்ப எந்தச் சாமானக் கழட்டிட்டுப் போனேன்னு சொல்லுங்க பாப்போம்."

உலகத்து எடையெல்லாம் தெரிந்தவர் குனிந்து தன் வயிற்றைப் பார்த்தார். எல்லோரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடையில் அன்று தூக்கோடு நின்றவளின் முகம் ஏன் அப்படி மாறியது என்பது அவருக்கு அப்போதுதான் புரிந்தது.

"கடைசியா வந்தது யாரு?" என்று அப்சல் மெதுவாகக் கேட்டார். சங்கரபாண்டி சட்டென்று தன் வண்டிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டான்.

வாக்குக் கொடுத்தாயிற்று. கோமதிசங்கர் பின்னால் ஏறினார். பாதி உடம்புக்குத் தகரம், மீதிக்கு ஆகாயம். காலைத் துழாவினார், படி இல்லை. கையைப் பின்னால் கொண்டுபோனார், கைப்பிடி இல்லை.

"ஏட்டி... எங்கன பிடிக்க?"

"அறுபத்தோரு கிலோவப் பிடிச்சிக்கிடுங்க."

பிடித்துக்கொண்டார். காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு நாலு ரத வீதியும் சுற்றினார். தெற்கு ரத வீதியில் அவர் கடை வாசலில் தாம்பாளம் மாற்ற வந்து நின்ற ஒரு பெண், "அண்ணாச்சி, இப்ப மொத்தம் எவ்வளவு எடை?" என்று சத்தமாகக் கேட்டாள். அன்றைக்குச் சிரிக்காமலிருந்தவள் அவள்தான். இன்று வாய் கொள்ளாமல் சிரித்தாள்.

வீட்டு வாசலில் இறங்கியபோது இரண்டு காலும் மரத்துப்போயிருந்தன. சுவரைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். "தப்புதான்ட்டி" என்று சொன்னது அவள் காதில் விழுந்ததா என்று தெரியவில்லை. மத்தியானமே கழற்றிய சாமான் கிடந்த சாக்கை வாசலில் எடுத்து வைத்துவிட்டு, அப்சலைக் கையோடு கூட்டி வந்தார். சாரி கார்டு, படி, கைப்பிடி எல்லாவற்றையும் பழையபடி மாட்டச் சொன்னார். பின்சீட்டு புதிதாகத் தைக்கக் கொடுத்தாயிற்று என்றார். காலையில் தானே கொண்டுபோய் விடுவதாகச் சொல்லிக்கொண்டிருக்கும்போது இசக்கிச்செல்வி வெளியே வந்து வண்டிச் சாவியை எடுத்துக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள்.

"முன்னால ரெண்டு கண்ணாடிய மட்டும் மாட்டிருங்க தம்பி" என்றாள் அப்சலிடம். "பின்னால ஒண்ணும் மாட்ட வேண்டாம். வெயிட் கூடிரும்."